கடலடியில் ஒரு கருவி, கரையில் நான்

1

இந்தக் கதை பல் வைத்தியரின் வரவேற்பறையில் பிறந்தது. அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்றில் ஒரு சிவப்புக் கப்பல். படத்துக்குக் கீழே, ‘பனியைத் தாங்க வலுவூட்டப்பட்ட கடலாய்வுக் கப்பல்’ என்று இருந்தது. உடைக்க அல்ல, தாங்க. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.

2

முதல் தொடக்கம்: ‘வெண்பனியின் எல்லையற்ற மௌனத்தில்...’

வேண்டாம். நான் பனியைக் குளிர்பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: கப்பலின் தலைமை விஞ்ஞானி, போன வருடம் கடலடியில் இறக்கிவிட்டுப் போன கருவியை எடுக்க வந்திருக்கிறாள். அது ஒரு வருடமாகத் தண்ணீரின் வெப்பத்தை அளந்து தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மேலிருந்து ஒலி அனுப்பினால் எடையைக் கழற்றிவிட்டு மிதவையோடு ஏறி வரும். மேலே பனிப்பாளம் இருந்தால் அதன் அடியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பிறகு கும்பிட்டாலும் கிடைக்காது. பாளமோ நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. கருவியின் பேட்டரி அடுத்த வருடம்வரை தாங்காது.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

3

கேப்டனை முதலில் மீசைக்காரக் கிழவராக எழுதினேன். விறைப்பாக நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அவரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, விஞ்ஞானியின் தம்பியைக் கேப்டனாக்கினேன். உடனே சண்டை சூடுபிடித்தது.

“டேய், இன்னும் கொஞ்சம் உள்ள போ.”

“எல்லார் முன்னாடியும் டேய் போடாதக்கா.”

“சரிங்க கேப்டன். உள்ள போங்க.”

“முன்பக்கம் தாங்கும். வெளிய வர ரிவர்ஸ் எடுத்தா சுக்கானும் புரொபெல்லரும் பனியில அடி வாங்கும். அப்புறம் நமக்கெல்லாம் இங்கதான் குடித்தனம்.”

“என் ஒரு வருஷ உழைப்புடா!”

“கப்பல்ல நாப்பது பேரு இருக்காங்கக்கா.”

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது எழுதுகிறவனுக்குப் பெரிய தொல்லை. (தம்பி அவளுக்குத் தெரியாமல் திரும்பும் நேரத்தை ஏற்கெனவே தள்ளிப்போட்டிருக்கிறான். இதை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

4

முடிவு அ: அவள் ஒலி அனுப்பும் பொத்தானை அழுத்துகிறாள். மிதவை திறந்த நீரில் பளிச்சென்று எழுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். சுத்த சினிமா.

முடிவு ஆ: அழுத்தாமல் திரும்புகிறாள். யாருக்கும் சொல்லாத ஒரு வருடத்தோடு அந்தக் கருவி [முடிக்க மனம் வரவில்லை.]

முடிவு இ: தம்பி துணிந்து கப்பலை உள்ளே

நான் இ-யை யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் அழுத்திவிட்டாள்.

“யாரக் கேட்டு அழுத்தின?” தம்பி கத்தினான்.

“யோசிச்சிட்டே இருந்தா பனி வந்து மூடிடும்.”

அதை அவனுக்குத்தான் சொன்னாளா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

5

எடை கழன்றுவிட்டது. மிதவை ஏறிக்கொண்டிருக்கிறது. தம்பி எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் நிற்கும் அவளிடம் பைனாகுலரை நீட்டுகிறான்.

“பாருக்கா.”

அவள் அதை வாங்காமல் ஜன்னலுக்கு முதுகைத் திருப்புகிறாள். “என்னால முடியாதுடா. நீயே பாரு.”

அவனும் பார்க்க மாட்டேன் என்கிறான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது; இந்த இருவரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

வாசகரே, நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. வாங்கிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம், முதலில் அவளிடம் சொல்லுங்கள்.