மூன்றாம் மாடியில் யாரும் சாகவில்லை

"என் காலை முன்னாடி விட்டு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோம்மா. சோபாவெல்லாம் அப்படித்தான் வெளிய எடுப்பாங்க" என்றார் அப்பா.

பிளாஸ்டிக் நாற்காலியில், இடுப்பைச் சுற்றி மகளின் பழைய துப்பட்டாவால் கட்டப்பட்டு, சாவதற்காக வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். நாற்காலியின் முன்னங்கால்களை, வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் பிடித்திருந்தார். முதுகுப் பக்கம் அவள். மூன்றாம் மாடி. லிஃப்ட், ஆலை மூடிய வருஷமே அப்பாவை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆலை போனதும் ஆற்றுக்கு இந்தப் பக்கத்து வீடுகளைச் சும்மா கொடுத்தாலும் ஆட்கள் யோசித்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்து, கார் நிறுத்துகிற இடத்துக்கே அடிதடி. தரகரான அப்பா முப்பது வருஷமும் இந்தப் பக்கத்தை மட்டும்தான் விற்றார். ராசி அப்படி. போன வாரம் படுத்த படுக்கையாக, போனிலேயே, கடைசியாக ஒன்றை விற்றார்: தான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை.

வேலை போன வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷத்தில் வீட்டை வாங்க வந்த ஒரே ஆள். அந்த ஆள் கேட்டதும் ஒரே கேள்வி: "இந்த வீட்ல சாவு ஏதாச்சும் நடந்திருக்கா?"

"இல்லைங்க" என்றிருந்தார் அப்பா.

நாளைக்குப் பத்திரம். டாக்டரோ காலையில் வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னது அப்பாதான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலப்பா. திரும்பிடலாம். உங்க கட்டில்லயே படுத்துக்கோங்க."

"இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வரும்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்? இது ஒண்ணாவது உண்மையா இருந்துட்டுப் போகட்டுமே."

"ஐயா, நான் கேக்கல" என்றார் வீட்டுக்காரர், படியைப் பார்த்தபடி. "சத்தியமா நான் கேக்கலம்மா."

"கேக்கலதான்ணே. வேணாம்னும் சொல்லல."

அவர் அடுத்த படிக்குக் காலை இறக்கினார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கினார்கள். அங்கே ஒரு சின்ன ஜன்னல். அப்பா அதன் வழியாக வெளியே பார்த்தார்.

"அட, இங்கேருந்து பாலம் தெரியுதே. வாங்குறவர்கிட்ட இதைச் சொல்லவே இல்ல. நீ ஞாபகமா..."

என்ன ஞாபகமா என்று கேட்பதற்காக அவள் குனிந்தாள். அப்பாவின் பார்வை ஜன்னலிலேயே இருந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது, விலை சொல்வதற்கு முன் நிறுத்துவாரே, அதுபோல.

"ஐயா" என்றார் வீட்டுக்காரர். மறுபடியும், "ஐயா."

கீழே ஆம்புலன்ஸ்காரர் ஹாரன் அடித்தார்.

வீட்டுக்காரர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, மேலே போகும் படிகளின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "மேல போயிடலாம்மா. அவர் கட்டில்லயே படுக்க வைப்போம்."

"நாளைக்கு அந்த ஆள் வருவாரே?"

"வந்தா வரட்டும். போனாப் போகட்டும். தூக்கும்மா."

காலையிலிருந்து அவள் கெஞ்சியது இதற்குத்தான். அப்பாவின் கண்களை மூடிவிட்டாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து, கீழ்ப்பக்கமாகத் திருப்பினாள்.

"இறங்குங்கண்ணே" என்றாள். "பாத்து. மூணாவது படி உடைஞ்சிருக்கு."

வீட்டுக்காரர் மேல்படியில் வைத்த காலை எடுத்தார். பிறகு குனிந்து முன்னங்கால்களைப் பிடித்தார்.

திருப்பம் குறுகலாக இருந்தது. அவள் பாரத்தை முழங்காலில் வாங்கிக்கொண்டு, ஒரு கையை விடுவித்து, அப்பாவின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.