நாலு முழம் தள்ளி

பிப்ரவரி வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒரு கூட்டம் பனிக்கால பூட்ஸ் மாட்டிக்கொண்டு எல்வுட் கடற்கரையில் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? மெல்போர்னில் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் நாயோடு உலாவ வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாய்களும் பார்த்தன.

எல்லாம் ராயா ஸ்டெர்ன்ஃபெல்டின் உத்தரவு. ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். எல்ஸ்டர்ன்விக் சமூகக் கூடத்திலிருந்து யூதர்களும் அக்கம்பக்கத்தாருமாக ஒரு குழுவை மார்ச்சில் போலந்துக்கு அழைத்துப் போகிறார். யூதப் படுகொலை நடந்த இடங்களைப் பார்த்துப் படித்து வருவதற்கான பயணம். மாதக்கணக்கில் வகுப்பு நடத்தி, வரைபடத்தை மனப்பாடம் செய்யவைத்து, இப்போது பூட்ஸில் வந்து நின்றிருந்தார்.

"புது பூட்ஸோட வந்து அங்க கால் கொப்புளிச்சு உக்கார்றவங்கள நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். இப்பவே நடந்து பழக்குங்க."

நடை முடிந்து எல்லோரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்தார்கள். அங்கே பார்க்கப்போகும் நாஜி மரண முகாமுக்குள் ஒவ்வொருவரும் இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ராயாவின் திட்டம். யார் யாரைப் பற்றிப் பேசுவது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஸெலிக், மைடானெக் முகாம்ல நீங்க யாரைப் பத்திப் பேசுறீங்க?"

"நான் பஸ்லயே இருந்துக்கறேன்" என்றார் ஸெலிக் காகன். டயர் கடைக்காரர். அறுபதைத் தாண்டியவர். "நான் கோஹேன் இல்லியா."

குழுவிலிருந்த யூதர்கள் 'அதானே' என்று தலையை ஆட்டினார்கள். தெரிந்த வழக்கத்தை யார் கேள்வி கேட்பார்கள்? ஆனால் டயர் கடைக்கு அடுத்த மருந்துக்கடை வூலா கிரேக்கப் பெண்மணி. கேள்வி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"கோஹேன்னா?"

"எங்க பழைய ஆலயத்துக் குருமார் வம்சம். அப்பன் வழியா வர்றது. செத்தவங்க இருக்கிற எடத்துக்கு நாங்க போகக் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் வெளியிலதான் நிப்போம். தீட்டு."

"அடப்பாவி! போன வாரம் என் தங்கச்சி வீட்டுல ஒரு தட்டு இறால ஒத்த ஆளா காலி பண்ணியே, உங்க மதத்துல இறாலே ஆகாதே, அது தீட்டு இல்லியா?"

கூட்டம் சிரித்தது. ஸெலிக்கும் சிரித்தார், அரை மனதோடு.

"அது வேற."

"எப்படி வேற?"

"வூலா, விடுங்க" என்றார் ராயா.

"ஏன் விடணும்? கேட்டுப் படிக்கணும்னுதானே கூட்டிட்டுப் போறீங்க? ஏம்ப்பா ஸெலிக்கு, அங்க உனக்கு யாராவது இருந்தாங்களா?"

ஸெலிக் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பாவோட மொத பொண்ணு. கித்தல். ஆறு வயசு. அப்பா ரஷ்யாப் பக்கம் ஓடிப் பொழைச்சார். மொத சம்சாரமும் பொண்ணும் லுப்ளின்லயே மாட்டிக்கிட்டாங்க. அந்த ஊர் ஓரத்துலதான் மைடானெக், அங்கதான் செத்தாங்க. அப்புறம் அவர் இங்க வந்து எங்கம்மாவக் கட்டிக்கிட்டார்."

"எப்படிப்பட்ட பொண்ணு அவ?"

ஸெலிக் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார்.

"நீ பஸ்ல உக்காந்துட்டா அவளப் பத்தி யார் பேசுவா?"

"நீதான் பேசேன்" என்று எரிந்து விழுந்தார்.

"நானா? அவ எனக்கு யாரு?" வூலா ஒரு கணம் யோசித்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். "உனக்கு யாரு?"

ஸெலிக் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு காரை நோக்கி நடந்தார்.

கேட்டவர் மறந்துவிட்டார். கேட்கப்பட்டவருக்குத்தான் காதில் எறும்பு புகுந்த கதையாகிவிட்டது. டயரைக் கழற்றும்போதும் அதே குடைச்சல், மாட்டும்போதும் அதே குடைச்சல். வியாழக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ரப்பி ஓபர்லாண்டரிடம் போனார். மகன் வயதுதான் இருக்கும் அந்த மதகுருவுக்கு. மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தவர், கித்தலைப் பற்றியும் முகாமைப் பற்றியும் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து தடித்தடியாகப் புத்தகங்களை இறக்கினார். அரை மணி நேரம் புரட்டினார்.

"உள்ள எரிச்சவங்களோட சாம்பல் மேடே இருக்கு. நீங்க போகக் கூடாது. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

ஸெலிக்குக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா முகத்திலும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"என்ன, சந்தோஷமாயிட்டீங்க?" என்றார் ரப்பி.

"சேச்சே. சட்டம்னா சட்டம்தானே."

"முழுசாக் கேட்டுட்டுப் போங்க. நாலு முழம் தள்ளி நிக்கணும், அவ்வளவுதான். வேலிக்கு வெளிய ரோடு போகுது. அங்க நின்னு பார்க்கலாம், பேசலாம், அவளுக்காகப் பிரார்த்தனை சொல்லலாம். வெளிய நில்லுன்னுதான் சட்டம் சொல்லுது. பஸ்ஸுக்குள்ள போய் உக்காந்துக்கோன்னு எங்கயும் சொல்லல."

ஸெலிக் மரியாதைக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் கோபம். பொடியன், நேற்று முளைத்தவன், எனக்குச் சொல்ல வந்துவிட்டான். ஆனால் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது கோபம் வடிந்து, அடியில் கிடந்தது மேலே வந்தது. இறாலுக்கு வளைந்த சட்டம் இதற்கு மட்டும் ஏன் இத்தனை வருடம் இரும்பாக நின்றது? பயம். வேறொன்றுமில்லை. கித்தல் உயிரோடு இருந்திருந்தால் அப்பா லுப்ளினுக்கே திரும்பியிருப்பார். இன்னொரு கல்யாணம் ஏது, ஸெலிக் ஏது? அவள் செத்ததால்தான் தனக்குப் பிறப்பே கிடைத்தது என்ற நினைப்பைச் சிறுவயதிலிருந்தே அவர் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். வெட்கம் பார்க்காமல் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கூட்டம். வேலிக்கு வெளியே நின்று தானே பேசுவதாக ஸெலிக் சொன்னதும் ராயாவின் கண்கள் பளிச்சிட்டன. ஒத்திகை பார்க்காத எதையும் நம்பாத மனுஷி அவர்.

"வேலிக்கு வெளிய இருந்து பேசினா உள்ள நிக்கிறவங்களுக்குக் கேக்குமான்னு பார்க்க வேணாமா? எல்லாரும் கெளம்புங்க."

பக்கத்து விளையாட்டு மைதானத்துக்குப் போனார்கள். குழு கம்பி வேலிக்கு உள்ளே நின்றது. ஸெலிக் வெளியே, நடைபாதையில். முழம் என்றால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட வூலா, தன் கையாலேயே தரையில் குனிந்து குனிந்து அளந்தார். பிறகு உள்ளே போகாமல் ஸெலிக்கின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"நீ கோஹேன் இல்லியே, உள்ள போ" என்றார் ஸெலிக்.

"தனியா யாரும் நிக்கக் கூடாது. இது ராயாவோட சட்டம். உன் சட்டத்தவிடப் பெரிசு."

ஸெலிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கித்தல் காகன். எங்கப்பாவோட மொத பொண்ணு..."

டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. காற்று வேறு.

"கேக்கல!" என்று கத்தினார் ராயா.

"கித்தல் காகன்! எங்கப்பாவோட..."

"ஒண்ணுமே கேக்கல ஸெலிக்! வயித்துலேர்ந்து வரணும்!"

ஸெலிக் வேலிக் கம்பிகளைப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"எங்க அக்கா!" என்று கத்தினார். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "எங்க அக்கா கித்தல்! ஆறு வயசு! கசகசா ரொட்டி வாங்கிக் குடுத்தா உள்ள இருக்கிற கசகசாவ மட்டும் வழிச்சுத் தின்னுட்டு, வெறும் ரொட்டிய எங்கப்பா கையில திணிச்சிருவா! அவளப் பத்தி எங்கப்பா என்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான்! சாகற வரைக்கும் அவர் கசகசா ரொட்டியத் தொடல!"

வூலா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஸெலிக் இப்போது கத்தவில்லை. உள்ளே நின்றவர்களைப் பார்த்துப் பேசவுமில்லை.

"அக்கா, நான் ஸெலிக். உன் தம்பி. அடுத்த மாசம் வர்றேன். வெளியிலதான் நிப்பேன், கோவிச்சுக்காத."