கடிகாரத்தைக் கழற்றிய ஞாயிறு

பீடத்தில் ஏறிய போதகர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச்சுவரில் கடிகாரத்தைக் காணோம். ஓர் ஆணியும், பெயிண்ட் மங்காத ஒரு வட்டமும்தான் இருந்தன.

இத்தனை வருடமாக அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்தார். தலைகளுக்கு மேலே பார்த்தால் எல்லாரையும் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று படிக்கிற காலத்தில் கற்ற தந்திரம். சபை அதைக் கண்டுபிடித்து அவருக்கு 'டிக்டிக்' என்று பெயரே வைத்துவிட்டது.

"இந்த வாரமாவது எங்க முகத்தைப் பார்த்துப் பேசுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்," என்று கறாராகச் சொல்லியிருந்தார் சபைச் செயலாளர். கழற்றியது அவர் வேலையாகத்தான் இருக்கும். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருந்தா என்னைப் பாருங்க. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று காலையில் மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. மூன்றாவது வரிசையில் அவளைத் தேடிப் பிடித்தார். அன்றைய பிரசங்கத் தலைப்பு மன்னிப்பு.

"வீட்டை விட்டுப் போன பிள்ளைக்குக் கதவைத் திறந்து வையுங்கள்..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போதகரின் பேச்சு அங்கேயே நின்றது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளை வாசலோடு விரட்டிய நாளிலிருந்து, வீட்டிலும் அவர் மனைவியின் முகம் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டோடு பேசுவார், ஜன்னலோடு பேசுவார்.

"டிக்டிக் நின்னுபோச்சுடா!" பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் செருமினார். வேலையும், சபை கொடுத்த வீடும் கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தன. அவளுடைய குனிந்த தலைக்கு மேலே பார்த்து மிச்சத்தை ஒப்பித்தால் தப்பிக்கலாம்.

"என்னைப் பாரேன்," என்றார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. "அவ நம்பர் உன்கிட்ட இருக்கா?"

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "இருக்கு. உங்களுக்குத் தெரியாம பேசிட்டுத்தான் இருக்கேன்."

"இப்பப் போடு."

"நான் போட்டா எடுப்பா. நீங்க போடுங்க."

அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, தன் போனில் அழுத்தினார். செயலாளர் எழுந்துவிட்டார். "ஐயா, இதுக்குப் பேரு பிரசங்கமா?"

போதகர் அவர் கண்ணை நேராகப் பார்த்தார். "தெரியலைங்க."

ஸ்பீக்கரில் போட்ட போனின் மணி மைக்கில் போய்க்கொண்டே இருந்தது. மகள் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.