எழும்பாத விமானத்தின் முதல் வகுப்பு

தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பாத விமானத்தில், முதல் வகுப்பில் கால்நீட்டிப் படுத்தபடி ஒரு பெருங்கடலையே தாண்டி வந்ததாகவும், நடுக்கடலில் டை கட்டிய மேலாளர் ஒருவர் ஓடிவந்து தனக்கு மெத்தை விரித்து, போர்வை போர்த்தி, தோளில் தட்டித் தூங்கவைத்ததாகவும் லிஃப்ட்காரர் சொன்னபோது, சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த குடும்பம் மொத்தமும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டது. சிரிப்பை மறைக்க அதைவிட வசதியான இடம் அந்த வீட்டில் இல்லை.

குனியாதவர் ஒருவர்தான். லிஃப்ட்காரருடைய மனைவியின் தம்பி. உத்தியோகக் காலம் முழுக்க அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்தே தலை வழுக்கையானவர் என்பதால் வீட்டில் அவருக்குத் தணிக்கை என்றே பெயர். சுவர்க்கடிகாரம் மணி அடித்தால் அது சரியாகத்தான் அடித்ததா என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு கைக்கடிகாரத்தின் மேல் சந்தேகம் வந்து பக்கத்து வீட்டில் கேட்பார்.

"அத்தான், பறந்தீங்களா, பறக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பறந்தேன் மாப்ளே. ஆனா எழும்பல."

"எழும்பாம எப்படிப் பறக்கறது?"

"அதான் முதல் வகுப்பு. மத்த வகுப்புக்காரங்கதான் எழும்பணும்."

"இவர் லிஃப்ட் ரிப்பேர் பண்ணின காலத்துலயே இப்படித்தான்," என்றார் மனைவி. "மூணு மாடிக் கட்டடத்துல ஏழாவது மாடி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன்னு சொன்ன மனுஷன். நீ சாப்பிடுடா."

லிஃப்ட்காரர் அசரவில்லை. ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்வது அவர் வழக்கம்தான். ஆனால் ஒன்றுமே இல்லாததை ஒன்றாக்க மாட்டார். அதுதான் அவருடைய தொழில் நேர்மை. அன்று நடந்ததோ நடக்கும்போதே ஒன்பதாகத்தான் இருந்தது.

ஊர்க்கோடியில் ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சிக்கூடம். அங்கிருந்த லிஃப்ட்டுகள் எல்லாம் லிஃப்ட்காரர் கையில் வளர்ந்த பிள்ளைகள். ஓய்வு பெற்ற பிறகும் அவற்றை நலம் விசாரிக்க அவ்வப்போது போய்வருவார். அப்படிப் போன ஒருநாள் வாசல் காவலாளி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, சும்மாதானே இருக்கீங்க? உள்ள பிளேன்ல உக்கார ஆள் தேடறாங்க. உக்காரணும், சாப்பிடணும், தூங்கணும். அவ்வளவுதான் வேலை."

இந்த மூன்றுக்கும் தன்னைவிடத் தகுதியான ஆள் உலகத்தில் கிடையாது என்று லிஃப்ட்காரருக்கு உடனே பட்டுவிட்டது.

உள்ளே ஒரு பெரிய கூடம். அதன் நடுவில் விமானத்தின் கழுத்திலிருந்து இடுப்பு வரை மட்டும் வெட்டிவைத்த மாதிரி ஒரு பகுதி நின்றது. இறக்கை இல்லை, வால் இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் திரை வைத்து அதில் மேகத்தை ஓடவிட்டிருந்தார்கள். தரைக்கு அடியில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் மேலாளர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறார் என்றார்கள். கதவை மூடியதும் ஒலிபெருக்கியில் ஒரு கனத்த குரல், நாம் இப்போது கடலுக்கு மேலே மேகங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அறிவித்தது. வெளியே பட்டப்பகல். விளக்கை அணைத்தார்கள், உள்ளே நடுநிசி.

"இப்ப நான் மத்தியான மாத்திரை போடணுமா, ராத்திரி மாத்திரை போடணுமா?" என்று பக்கத்து இருக்கைப் பல் டாக்டர் கவலைப்பட்டார். அவரும் ஓய்வு பெற்றவர்தான்.

"எதுக்கும் ரெண்டையும் கையில வெச்சுக்குங்க. விடியறதப் பாத்து முடிவு பண்ணலாம்."

இருக்கை அதைவிடப் பெரிய குழப்பமாக இருந்தது. விளக்குப் பொத்தானை அழுத்தினால் கால் மேலே போயிற்று. காலை இறக்க இன்னொன்றை அழுத்தினால் தலை பின்னால் போயிற்று. வாழ்நாள் முழுக்கப் பொத்தான்களோடு குடித்தனம் நடத்தியவருக்கே இந்தக் கதி. தலையை நிமிர்த்தப் பார்த்தபோது இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு தடுப்பு விறுவிறுவென்று எழும்பி, பேசிக்கொண்டிருந்த பல் டாக்டர் பாதி வாக்கியத்தோடு மறைந்துபோனார்.

கனத்த குரல் மறுபடி வந்தது. முதலில் பழைய முறையில் உபசரிப்பு நடக்கும், பிறகு புதிய முறையில். ஒவ்வொன்றும் முடிந்ததும் எதிரே இருக்கும் திரையில் சிரிக்கிற முகத்தையோ அழுகிற முகத்தையோ தொட வேண்டும். அவ்வளவுதான்.

பழைய முறையில் நான்கு பணிப்பெண்கள் வந்தார்கள். மேசைக்குத் துணி விரித்தார்கள், அச்சடித்த உணவு அட்டையை நீட்டினார்கள், சூப் குடித்து முடித்த பிறகே அடுத்த தட்டைக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் சிரிக்கிற முகத்தைத் தொட்டார்கள்.

புதிய முறை தொடங்கியதும் நால்வரில் ஒருத்தி இறங்கிப்போய் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. உணவு அட்டை போயிற்று, மேசைத் துணி போயிற்று. நினைத்த நேரத்தில் சாப்பிடலாம், நினைத்த நேரத்தில் படுக்கை விரிக்கப்படும், இரவு உடை, சூடான சூப், முழங்காலுக்குத் தனித் தலையணை, எதுவானாலும் திரையைத் தொட்டால் போதும் என்றது குரல். தொட்டார்கள். சூப்பைத் தொட்ட பல் டாக்டருக்கு ஐஸ்கிரீம் வந்தது. போர்வையைத் தொட்ட கல்யாண வீட்டுப் போட்டோக்காரருக்கு ரொட்டி வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ரொட்டியும் வந்தது. கடைசி வரிசைத் தையற்கார அம்மாவுக்கு ஒன்றுமே வரவில்லை. இது புதிய முறையா, தவறா என்று யாருக்கும் புரியவில்லை. புரியாததால் எல்லாரும் மரியாதையாக, "பரவால்லம்மா, பரவால்ல," என்றார்கள்.

மூன்று பெண்களும் வேர்க்க விறுவிறுக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க லிஃப்ட்காரரால் முடியவில்லை. எழுந்துபோய்த் தட்டுகளை வாங்கிக் கொடுத்தார். ஐஸ்கிரீமையும் ரொட்டியையும் மாற்றிக் கொடுத்து வழக்கைத் தீர்த்தார். போர்வையை உதறிப் போர்த்தினார். "பாவம், ஓடுதுங்க. எல்லாரும் சிரிக்கிற மூஞ்சியே போடுங்க," என்று வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள்.

கடைசியாகக் காலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போனபோது தலைமைப் பணிப்பெண் அவரை மறித்தார். காதோரம் நரைத்த பெண்மணி. அவ்வளவு நேரம் கலையாமல் இருந்த புன்னகை இப்போது கலைந்திருந்தது.

"சார், கும்பிட்டுக் கேக்கறேன், போய் உக்காருங்க."

"மூணு பேரா நாலு பேர் வேலையைப் பாக்கறீங்க. நான் ஒரு கை குடுத்தா என்னம்மா?"

"நீங்க குடுக்கற கைதான் சார் எங்க வயித்துல அடிக்குது."

லிஃப்ட்காரர் விழித்தார். "எல்லாரையும் சிரிக்கிற மூஞ்சி போடச் சொன்னதே நான்தாம்மா!"

"ஐயோ தெய்வமே. நாலு பேர் இருந்தப்ப என்ன போட்டீங்க?"

"அதுக்கும் சிரிக்கிற மூஞ்சிதான்."

"அப்போ நாலும் மூணும் ஒண்ணுன்னு ஆயிடாதா? மூணே போதும்னு முடிவு பண்ணிடுவாங்க சார். ஒவ்வொரு பிளேன்லயும் ஒரு ஆள் குறையும். முதல்ல போறது என்னை மாதிரி பழைய ஆளுங்கதான். எனக்கு இந்த வேலையை விட்டா..." அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எதுவும் சொல்லல. நீங்க எதுவும் கேக்கல. போய் உக்காருங்க."

லிஃப்ட்காரர் வந்து உட்கார்ந்தார். நல்லது செய்யப்போய் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமா? சரி, இப்போது அழுகிற முகத்தைத் தொடலாம் என்றால், அந்தப் பெண்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்களே, அது பொய்யாகாதா? வீட்டில் எத்தனை புளுகினாலும் அது வேறு கணக்கு. இது இன்னொருத்தியின் சோறு. தடுப்பை இறக்கி, இறக்கும் வழியில் காலையும் ஒருமுறை ஏற்றி இறக்கி, பல் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார்.

பல் டாக்டர் யோசித்தார். "உங்க சூப் சூடா இருந்துச்சா?"

"பச்சைத் தண்ணி."

"முழங்காலுக்குத் தலையணை வந்துச்சா?"

"கேக்கவே இல்லையே. முழங்கால் வலி உயிர் போகுது. ஆனா பாவம், அந்தப் பொண்ணு ஓடிட்டிருந்துச்சு."

"அப்போ பொய் சொன்னது இதுவரைக்கும்தான் அண்ணே. இனிமே உண்மையைச் சொல்லுங்க. வேணும்கிறதைக் கேளுங்க."

லிஃப்ட்காரருக்குப் பளிச்சென்று விளங்கிற்று. அன்று முழுவதும் அவருக்கு விளங்கிய ஒரே விஷயம் அதுதான். மறுபடி வரிசை வரிசையாகப் போனார். இந்த முறை காதோடு காதாக, "இனிமே யாரும் பரவால்லன்னு சொல்லக் கூடாது," என்றார். தையற்கார அம்மாவுக்கு அதைக் கேட்டதும் கண்ணில் நீரே வந்துவிட்டது. "எனக்கு அப்பவே பசிங்க," என்றார்.

எல்லாரும் ஒரே சமயத்தில் திரையைத் தொட்டார்கள். சூப், தலையணை, மெத்தை, இரவு உடை, மறுபடி சூப். கூடம் முழுக்க மணி அடித்தது. கோயில் மணி, பள்ளிக்கூட மணி, தீயணைப்பு மணி எல்லாம் ஒன்றாகக் கூடிப் பேசின மாதிரி இருந்தது என்று லிஃப்ட்காரர் பின்னால் சொல்வார். மூன்று பெண்களும் நடைபாதையில் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். போட்டோக்காரர் இரவு உடையைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கைக்கு வழி தெரியாமல் நின்றார். தலைமைப் பணிப்பெண் முதலில் திகைத்தார். பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

கறுப்புக் கண்ணாடிக்கு அருகே ஒரு கதவு படாரென்று திறந்தது. மேலாளர் வந்தார்.

"என்ன சார் இது? எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா எப்படி?"

"நினைச்ச நேரத்துலன்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாரும் ஒரே நேரத்துல நினைச்சுட்டோம்," என்றார் லிஃப்ட்காரர்.

"உண்மையான பிளேன்ல இப்படி நடக்காது."

"உண்மையான பிளேன்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் சார் பசிக்கும்," என்றார் தையற்கார அம்மா, கடைசி வரிசையிலிருந்து.

மேலாளர் கெட்டிக்காரர். மூன்று பேரால் முடியும் என்று காட்டாமல் விடுவதில்லை என்று தானே ஒரு தட்டைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கிக்காரருக்கு யார் தகவல் சொல்ல மறந்தார்களோ, வானிலை சரியில்லை என்று அறிவித்துவிட்டு மோட்டாரை முடுக்கினார். தரை ஆடியது. சூப் டையில் இறங்கியது. டையைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட்காரருக்கு மெத்தை விரிக்க வந்த மேலாளர், அதைத் தலைமாடு கால்மாடாக விரித்தார். மாற்றி விரித்தபோது தலையணை உள்ளே சிக்கிக்கொண்டது. தலையணையை இழுத்தபோது முழங்கை பொத்தானில் பட்டு, தடுப்பு எழும்பி, அவரே மறைந்துபோனார். தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. வெளியே நாற்காலியில் இருந்த நான்காவது பெண்ணைப் பார்த்து அவர் கத்தினார்.

"அங்க என்னம்மா வேடிக்கை? உள்ள வந்து ஒரு கை குடு!"

அவள் வந்தாள். கொஞ்ச நேரத்தில் மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சூடான சூப் வந்தது. முழங்காலுக்குத் தலையணை வந்தது. லிஃப்ட்காரர் சிரிக்கிற முகத்தை மனசாரத் தொட்டுவிட்டுச் சாய்ந்தார். கண் அப்படியே சொக்கிவிட்டது. எழுப்பியபோது விமானம் இறங்கியிருந்தது. கதவுக்கு வெளியே அதே பட்டப்பகல்.

என்ன முடிவானது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மறுபடி போய்க் கேட்டபோது காவலாளிக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்மணிக்கு வேலை இருக்கிறதா, போய்விட்டதா? மனசுக்குள் அது முள்ளாக உறுத்தியது. உறுத்த உறுத்த அவர் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஒரு கட்டத்தில் எது நடந்தது, எதைத் தான் ஒட்டவைத்தோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. போர்வை போர்த்தித் தட்டித் தூங்கவைத்தது மட்டும் தன் கைவேலைதான் என்று நிச்சயமாகத் தெரியும். தூங்கிப்போனவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

தணிக்கை ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு, "சாட்சி யாரு?" என்பார். லிஃப்ட்காரரிடம் சாட்சி இல்லை. பல் டாக்டரின் விலாசத்தைக்கூட அவர் வாங்கிவைக்கவில்லை.

பிறகு ஒருமுறை தணிக்கை வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்த்துவிட்டு அதே நிறுவனத்தின் விமானத்தில் திரும்பினார். வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம், கூட்டல் தவறிய ஆளின் முகம்.

"என்னடா ஆச்சு?" என்று அக்கா பதறினார்.

"பின்னாடி இடம் இல்லன்னு என்னை முதல் வகுப்புல உக்கார வெச்சுட்டாங்கக்கா." அவர் லிஃப்ட்காரரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "ஏறினதும் பணிப்பெண்ணுங்களை எண்ணினேன். நாலு பேர்."

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "காதோரம் நரைச்ச ஒரு அம்மா?"

"அவங்களைத்தான் கேட்டேன். ஏன் நாலு பேர்னு. மூணா ஆக்கப் பாத்தாங்க, ஒரு பெரியவர் விடலன்னு சொன்னாங்க. மேனேஜரே நாலாவது ஆளைக் கூப்பிட்டதால, அதுக்கப்புறம் அவரால மூணு போதும்னு சொல்ல முடியலையாம். அந்தம்மாவை நம்பாம இன்னொரு பொண்ணைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். அதுவும் அச்சு அசலா அதையே சொல்லுது. சூப், டை, தடுப்பு, எல்லாம்."

"வேலையில இருக்காங்களா..." லிஃப்ட்காரர் மறுபடி உட்கார்ந்தார். மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொண்ணும் கேட்டேன்," என்றார் தணிக்கை. "அந்தப் போர்வை சமாசாரம்."

"அதை விடு மாப்ளே. அது நானா சேத்துக்கிட்டது. சத்தியமா சொல்றேன்."

"இல்ல அத்தான்." தணிக்கை பெட்டியைக் கீழே வைத்தார். "நீங்க விட்ட குறட்டையில மத்தவங்க தூங்க முடியலன்னு அந்த மேனேஜர் வந்து உங்களை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, போர்வை போர்த்தி, தோள்ல தட்டிக் குடுத்தாராம். ரெண்டு பேரும் கண்ணால பாத்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நடந்திருக்கு."