அரைக்கட்டி சோப்பு

விடியும் முன்பே சோப்புக் காய்ச்சும் கொப்பரையின் கார நெடி கண்ணைக் கரித்தது. வார்த்தெடுத்த சோப்புப் பாளத்தைக் கம்பிச் சட்டத்துக்குள் நெஞ்சால் முட்டித் தள்ளினாள் கம்பிக்காரி. மறுபக்கம் கட்டி கட்டியாக அறுந்து விழுந்தது. இருபது வருடமாக இதே வேலை; அவளுடைய சொந்தப் பெயர் ஆலையில் பலருக்கு மறந்துபோயிருந்தது. பாளத்தை இளம் பதத்திலேயே அறுத்துவிட வேண்டும். இறுகிவிட்டால் கம்பி தெறித்துவிடும்.

முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு இறங்கி வந்தார். தன் சரக்கின் வாசனையையே தாங்காத மகராசன்.

"விற்பனை பாதியாயிடுச்சு. இந்த மாசத்துலேர்ந்து எல்லாருக்கும் கூலியில கால்வாசி குறையும்."

"ஒரே வருஷத்துல மூணு தடவ விலைய ஏத்துனீங்களே ஐயா," என்றாள் கம்பிக்காரி.

"ஏத்துனா என்ன? சோப்பு இல்லாம எவனாவது இருக்க முடியுமா? உங்க வேலைதான் சரியில்ல."

ஒரு கைக்குட்டையைக்கூடக் கசக்கிப் பிழிந்தறியாத மனிதர் சோப்பைப் பற்றிப் பாடம் நடத்தினார்!

விலை ஏறினால் சனங்கள் ஒரேயடியாக முகம் திருப்பிக்கொள்வதில்லை; கையைச் சுருக்கிக்கொள்வார்கள். முதல் ஏற்றத்தில் கம்பிக்காரியின் வீட்டுக்காரர் ஒரு சட்டையை மூன்று நாள் போட்டார். இரண்டாம் ஏற்றத்தில் எதிர்வீட்டு அக்கா சலவைச் சோடாவுக்கு மாறினாள். மூன்றாவதில் மூலைக்கடைக்காரர் கட்டியை நூலால் அறுத்து அரைக்கட்டியாக விற்கத் தொடங்கினார். முழுக்கட்டி வாங்கிய கை அரைக்கட்டி வாங்கினால் ஆலையின் விற்பனை வேறென்ன ஆகும்? இது புரியப் பட்டம் வேண்டாம். நாலு துணி துவைத்தால் போதும்.

"அழுக்கு குறையலீங்க. விலைதான் எட்டல. உங்க சோப்ப வாங்குறதும் எங்கள மாதிரி ஆளுங்கதானே? எல்லா ஆலையிலயும் இப்படிக் கூலிய வெட்டுனா, இப்ப வாங்குற அரைக்கட்டியக்கூட யாரு வாங்குவா?"

"நுனிக்கிளையில உக்காந்துகிட்டு அடிக்கிளைய வெட்டுறாரு தங்கச்சி," என்றார் கொப்பரைக்காரர். சிரிப்பு எழுந்தது.

முதலாளிக்கு மூளை மின்னியது. "கம்பிய நெருக்கிக் கட்டு. கட்டி சின்னதாகட்டும். விலை அதேதான், உறையும் அதேதான். எவனுக்குத் தெரியப்போகுது?"

"துவைக்கிறவளுக்குத் தெரியும். இது நாலாவது தடவ விலை ஏத்துறது. நான் கட்ட மாட்டேன்."

"நீ போனா நூறு பேரு வருவான்!"

கொப்பரைக்காரர் அடுப்பை அணைத்தார். உறை போடும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சட்டத்தில் பாதி அறுபட்ட பாளம் ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் முதலாளியின் குரலில் வெண்ணெய் வழிந்தது.

"நீ மட்டும் என் ரூமுக்கு வாம்மா. உனக்குக் கூலி குறையாது."

வீட்டு வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், எல்லாம் ஒரு கணம் அவள் நினைவில் வந்து நின்றன. மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் வாங்க. ஐயா பேசக் கூப்பிடுறாரு."

நாற்பது பேர் படியேறினார்கள்.

"இத்தன பேருக்கு உள்ள இடமில்ல!" என்று அலறினார் முதலாளி.

"பரவாயில்லீங்க, வராந்தாவுல நிக்கிறோம்," என்றாள் உறை போடுகிறவர்களில் இளையவள். "கதவ மட்டும் சாத்தாதீங்க."

சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள்.