ஓட்டை தெரியாத வாஷ்பேசின்

குழாய்க்காரர் கால் மணி நேரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாஷ்பேசினில் ஓட்டையைக் காணோம். பார்த்தால் ஒரே வெள்ளைக் கல்லைக் குடைந்து செய்ததுபோல இருந்தது. தேங்கிய தண்ணீர் ஆடாமல் அசையாமல் நிற்க, கண்ணாடிக் கூரைக்கு மேலே போகும் மேகம் அதற்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் சொக்கியது. தண்ணீர் போகிற வழியைக்கூட மறைத்து வைத்திருக்கிறார்களே, என்ன மனுஷர்களோ!

"பேசினோட அடிக்கல்லைத் தூக்கணும்ண்ணே. சுவரோரமா நூல் மாதிரி இடுக்கு இருக்கு பாருங்க, அதுலதான் தண்ணி இறங்கும்."

சொன்னது அந்த வீட்டில் வேலை செய்யும் பெண். துடைப்பத்தை அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கிடைத்த வேலை இது. துடைக்கிற துணியை இவள்தான் உள்ளே விட்டிருப்பாள் என்று வீட்டம்மா அடித்துச் சொல்லிவிட்டாராம். துணி வந்தால் இன்றோடு வேலை போச்சு. "சத்தியமா நான் போடலண்ணே" என்றாள்.

தண்ணீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றினார். ரப்பர் பிடியை ஒட்டி அடிக்கல்லைத் தூக்கினார். கீழே இருந்த குழாயைத் தடவிய கை அப்படியே நின்றது. அட, இது அவர் புதைத்த குழாய்! அப்போது இங்கே சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மதியத்தில் இந்த மூலையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் மேகம் முகத்துக்கு நேரே போகும். இந்தக் கல்லெல்லாம் பிறகு வேறு ஆட்கள் வந்து வைத்தது.

கம்பியை விட்டார். மெத்தென்று ஏதோ தட்டியது. கொக்கியை மாட்டி இழுக்க இழுக்க, முடியும் சோப்பு நுரையுமாகச் சுருண்ட துணி வந்தது. பக்கெட்டில் அலசினார். துணியில் அச்சடித்த மஞ்சள் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்து வந்தன. அவர் மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன்.

சிமெண்ட் விழாமலிருக்கக் குழாய் வாயில் பழந்துணி திணிப்பது எல்லாரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் உருவ வேண்டும். இவர் உருவவில்லை. இத்தனை நாள் அதன் வழியே கசிந்து இறங்கிய தண்ணீர், முடியும் சோப்பும் சேர்ந்ததும் நின்றுவிட்டது.

"துணிதானே? நான் சொன்னேன்ல?" வீட்டம்மா பின்னால் வந்து நின்றார்.

குழாய்க்காரர் துணியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தார். உண்மையைச் சொன்னால், வேலை தருகிற காண்ட்ராக்டர் இனி இவரைக் கிட்டவே சேர்க்கமாட்டார். அந்தப் பெண்ணோ துணியையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இவங்க போட்டதில்லம்மா. நான் போட்டது. வீடு கட்டும்போது குழாயை அடைச்சேன், எடுக்க மறந்துட்டேன். என் பொண்ணு கவுன் இது."

வீட்டம்மா கத்துகிறவர் இல்லை. வாத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபோனில் படம் பிடித்துக் காண்ட்ராக்டருக்கு அனுப்பினார். பிறகு அந்தப் பெண்ணிடம் தன்மையாகச் சொன்னார்:

"நாளையிலேருந்து வேற ஆள வரச் சொல்லிட்டேனேம்மா. சொன்ன வார்த்தைய எப்படி மாத்துறது?"

குழாய்க்காரர் கல்லைப் பழையபடி பொருத்தினார். வீட்டம்மா குழாயைத் திறந்து கை கழுவினார். தண்ணீர் சத்தமே இல்லாமல் இடுக்கில் இறங்கிப் போயிற்று. இப்போதுதான் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

குழாய்க்காரர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைத் தரை நெடுக அவருடைய அழுக்குக் கால்தடம். அந்தப் பெண் தரை துடைக்கிற துணியை நனைத்து, ஒவ்வொரு தடமாகத் துடைத்தபடி பின்னாலேயே நகர்ந்து வாசல்வரை வந்தாள். வெளியே இறங்கி நின்று, எட்டிக் குனிந்து, தன்னுடைய தடத்தையும் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.