ஒன்பது வருஷ மோதிரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தேன், கேட்காமல். பதினேழு வருஷமாக அயர்லாந்தில், ஸ்லைகோவில் குடியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் டெர்வ்லா. வயது நாற்பத்து மூன்று, நகரப் பேருந்து ஓட்டுகிறாள், கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்றாவது விவரத்தை முதலாவதாக எழுதாததற்கு என் முதுகை நானே தட்டிக்கொள்கிறேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘ஹாலோவீன் மாலை. வெளியே மழை மெல்ல—’

(அடித்துவிட்டேன். ஸ்லைகோவில் மழை ஒரு செய்தியா?)

2

ஹாலோவீனுக்கு இங்கே தேநீரில் ஊறிய திராட்சை போட்டுப் பழரொட்டி சுடுவார்கள். பிராக் என்று பெயர். உள்ளே காகிதத்தில் சுற்றிய பித்தளை மோதிரம் ஒன்று இருக்கும். யார் துண்டில் வருகிறதோ, அவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம்.

டெர்வ்லாவுக்கு ஒன்பது வருஷம் தொடர்ந்து வந்தது. அதிர்ஷ்டமாவது, மண்ணாவது! அவள் அம்மா பிரீஜ், மோதிரம் இருக்கிற இடத்துக்கு மேலே ஒரே ஒரு திராட்சையை அழுத்தி வைத்து, தட்டை மகள் பக்கம் திருப்பிவிடுவாள். உடனே அண்ணன் ஃபின்டன், மாப்பிள்ளை எந்த பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார் என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

போன வருஷம் அம்மா வீட்டிலிருந்து திரும்பி நடந்து வரும்போது டெர்வ்லா சொன்னாள், இனி இந்தப் பண்டிகைக்கு அங்கே போவதில்லை என்று. அவளுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் இது. அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று தெருவில் நின்று அழுதாள்.

3

விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வருஷம் ரொட்டி நான் சுடுகிறேன், எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள் என்றாள். போனோம். கணப்பில் தீ, முட்டைக்கோஸ் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி பறித்து வெண்ணெய். கதவு நிலையில் நூலில் தொங்கும் ஆப்பிள்கள். முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கடலையும் மிட்டாயும் அள்ளிக் கொடுத்தாள்.

பிரீஜ் ரொட்டியைப் பார்த்தாள். மேலே ஒரே ஒரு திராட்சை அல்ல, நாற்பது.

மோதிரம் பிரீஜுக்கே வந்தது. கணவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது அவளுக்கு. ஃபின்டனுக்கு வாய் சும்மா இருக்குமா? எந்த ஸ்டாப்பும்மா என்றான்.

பிரீஜின் முகம் சிவந்துவிட்டது. “எனக்கு எதுக்குடா அதெல்லாம்? என் வீடு, என் அடுப்புன்னு நான் நல்லாத்தானே இருக்கேன்.”

டெர்வ்லா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நானும் நல்லாத்தாம்மா இருக்கேன். ஒன்பது வருஷமா அதைத்தான் சொல்றேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பிரீஜ் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெண்ணெயைத் தன் பக்கம் தள்ளச் சொன்னாள்.

4

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் கை அடங்கவில்லை. அழைப்புமணி அடித்தது என்று எழுதினேன். வாசலில் கோர்மக்; மாட்டு வைத்தியர், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன், கூடவே ஒரு நாய்.*

(*நாய் வாசகர்களுக்காக.)

டெர்வ்லாவிடம் காட்டினேன். சீருடையைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் நின்றபடியே படித்தாள்.

“அம்மா ரொட்டியில வச்சதை நீ கதையில வைக்கிறியா?”

வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று முனகினேன்.

“அப்போ அவங்க ரொட்டியை அவங்க சுட்டுக்கட்டும்.”

என் பேனாவையே வாங்கிக் கோர்மக்கை அடித்தாள். நாயை மட்டும் விட்டுவைத்தாள்.

5

வேறு மூன்று முடிவுகளும் வைத்திருந்தேன். மூன்றிலும் வாசலில் யாரோ ஓர் ஆண் நின்றான். பிரீஜைவிட நான் எந்த விதத்தில் ஒசத்தி? வெட்கமாக இருந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

முடிவை உங்கள் கையில் கொடுப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளுக்கு வழக்கம். கொடுக்க மாட்டேன். ‘பாவம், தனியாக இருக்கிறாளே’ என்று ஒரு வாக்கியம் உங்கள் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரியும். முழுங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் போய்விட்டார்கள். டெர்வ்லா கணப்புக்கு எதிரே காலை நீட்டிக்கொண்டு, கடைசித் துண்டுக்கு வெண்ணெய் தடவுகிறாள். பக்கத்தில் அந்த நாய். கதவைத் தட்டுவதானால் தட்டுங்கள். முகமூடிப் பிள்ளைகள் என்றால் எழுந்து வருவாள். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், மழையிலேயே நில்லுங்கள்.